அண்ணன்மார் கதையில் கடமையும் அன்பும்

அண்ணன்மார் கதை என்பது கொங்கு நாட்டில் வழங்கும் நாட்டார் காவியம் ஆகும். பொன்னர், சங்கர் என்னும் அரச உடன்பிறப்புகள் இருவரின் பிறப்பு, வாழ்வு, போர், மரணம் ஆகியவற்றை இது பாடுகிறது. பொன்னர் சங்கர் கதை, குன்னுடையாக் கவுண்டன் கதை, அண்ணன்மார் சுவாமி கதை என்னும் பெயர்களும் இதற்கு உண்டு. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களில் இக்கதை அறியாத கிராமம் இல்லை எனலாம். இருவரும் அண்ணன்மார் சுவாமி என்ற பெயரில் தெய்வமாக வணங்கப்படுகின்றனர்.

இக்கதையை வீரக்கதையாக மட்டும் பலர் அறிவர். தாய்க்கு ஆற்ற வேண்டிய கடமை, மனைவியர்க்கு உரிய அன்பு, தங்கைமீது கொண்ட பாசம், நாட்டைக் காக்கும் பொறுப்பு ஆகிய நான்கும் அண்ணன் தம்பி இருவரையும் நான்கு பக்கம் இழுப்பதே கதையின் உள்ளோட்டம். அவர்கள் எதைத் தேர்ந்தார்கள், அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் உறவும்

"அண்ணன்மார்" என்பது தங்கையின் வாயிலிருந்து வரும் சொல். பாட்டன் பெயரையோ நாட்டின் பெயரையோ கொண்டு அழைக்காமல், தங்கை எப்படி அழைப்பாளோ அப்படியே ஊரும் இவர்களை அழைக்கிறது. அந்தத் தங்கையின் பெயர் தங்காள். அருக்காணி, அருக்காணித் தங்கம் என்றும் சொல்வர். மூவரும் ஒரே கருப்பத்தில் பிறந்தவர்கள். இக்கதையை ஆராய்ந்த கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1982-இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலுக்கு "மூன்று இரட்டையர்" எனப் பொருள்படும் தலைப்பை வைத்தது இதனால்தான்.

பொன்னர் மூத்தவர். பொறுமை, நீதி, கொடுத்த சொல் தவறாமை ஆகியவை அவருக்கு உரிய குணங்கள். சங்கர் இளையவர். வேகம், சினம், வாள் வலிமை ஆகியவை அவருக்கு உரியன. பாண்டவரின் அம்சமாகவே இவர்கள் பிறந்தனர் என்று பாடகர்கள் பாடுவர். தங்காள் ஏழு கன்னிமாரில் இளையவளின் அம்சம் என்பர். அண்ணன்மாருக்கு நிழல்போல் உடன் நிற்கும் வீரன் சாம்புகன். இவனைச் சாம்புவன் என்றும் அழைப்பர்.

கதைச் சுருக்கம்

பொன்னி வளநாட்டை ஆண்ட குடும்பத்தின் கதை இது. குன்னுடையான் என்பவன் சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, பங்காளிகளால் விரட்டப்பட்டு, பிறர் பண்ணையில் வேலை செய்து வளர்கிறான். தாமரை என்னும் பெண்ணை மணக்கிறான். நெடுங்காலம் பிள்ளைப்பேறு இல்லை. தாமரை 21 ஆண்டுகள் தவம் இருந்து மூன்று மக்களைப் பெறுகிறாள். ஆனால் ஆண்மக்கள் இருவருக்கும் ஆயுள் 16 ஆண்டுகளே என்பது வரத்தோடு வந்த விதி.

இந்தப் பதினாறு என்னும் எண்ணை மனத்தில் வைத்தே கதையைக் கேட்க வேண்டும். ஒரு மனிதனுக்கு எழுபது எண்பது ஆண்டுகள் இருந்தால் கடமையை ஒரு பருவத்திலும் இல்லறத்தை ஒரு பருவத்திலும் வைத்துக்கொள்ளலாம். பதினாறே ஆண்டுகள் என்றால் ஒன்றை எடுத்தால் மற்றொன்றை விட்டாக வேண்டும்.

வளர்ந்த மக்கள், தந்தையிடமிருந்து பங்காளிகள் பறித்த உரிமைகளை மீட்கின்றனர். தாயின் சொல்லுக்காக மணம் செய்கின்றனர். பெற்றோர் மறைந்தபின் நாட்டை ஆள்கின்றனர். தங்கையின் ஆசைக்காக வேட்டுவர் காட்டிலிருந்து கிளி பிடித்து வருகின்றனர். அதனால் பகை மூள்கிறது. வேட்டுவர் வளர்த்த கொம்பன் என்னும் காட்டுப்பன்றி வளநாட்டு வயல்களை அழிக்க, அதைக் கொல்லப் போகிறார்கள். பொன்னாச்சி என்னும் சிறிய பெண் நாயின் துணையால் பன்றி வீழ்கிறது. அதைத் தொடர்ந்த போரின் முடிவில் அண்ணன்மார் படுகளத்தில் உயிர் விடுகின்றனர். தங்காள் தேடிச் சென்று அவர்களைச் சிறிது நேரம் உயிர்ப்பித்துப் பேசுகிறாள். பின் அவர்கள் மீண்டும் உயிர் நீங்கித் தெய்வமாகின்றனர்.

மணம் செய்தும் கூடி வாழாத கணவர்

அண்ணன்மாரின் திருமணமே இக்கதையில் கடமைக்கும் அன்புக்கும் இடையிலான முதல் மோதல்.

கொங்கு நாட்டில் தாய்மாமன் மகள் முறைப்பெண். அவள்மீது அத்தை மகனுக்கு உரிமை உண்டு என்பது பழைய வழக்கு. தாமரை தன் பிறந்த வீட்டாரால் அவமதிக்கப்பட்டவள். குன்னுடையானைக் கைப்பிடித்ததால் அவளுக்குத் தாய்வீட்டு வாசல் அடைபட்டது. தன் அண்ணன் மகளிரைத் தன் மக்களுக்கு மணமுடித்தே தீருவேன் என்று அவள் சூளுரைத்ததாகப் பல கதை வடிவங்கள் சொல்கின்றன. அந்தப் பெண்களே முத்தாயியும் பவளாயியும்.

எனவே இந்த மணம் காதலால் வந்ததன்று. தாயின் மானத்தை மீட்பதற்காகச் செய்யப்பட்டது. அண்ணன்மார் தாயின் சொல்லைத் தட்டவில்லை. ஆனால் மணவறையோடு நின்றுகொண்டனர். மனைவியரைத் தீண்டாமல், இல்லறம் நடத்தாமல், அவர்களைத் தனி மாளிகையில் இருக்க வைத்தனர். தாலி கட்டியாயிற்று, தாயின் சபதம் நிறைவேறிற்று, அத்தோடு அந்தக் கடமை முடிந்தது என்பதே அவர்கள் கணக்கு.

ஏன் இப்படி? இரண்டு காரணங்களைக் கதையின் போக்கிலிருந்து அறியலாம். முதலாவது, வீரனின் ஆற்றல் பிரம்மச்சரியத்தில் இருக்கிறது என்னும் நம்பிக்கை. தமிழக நாட்டார் தெய்வங்களில் பலர் கன்னி வீரர்கள் அல்லது கன்னிமார். இரண்டாவது, ஆயுள் குறைவு. இளமையிலேயே சாகப் போகிறவன் பிள்ளை பெற்று விட்டுப்போவது, தன் தந்தை பட்ட அநாதைத் துயரத்தை மீண்டும் ஒரு பிள்ளைக்குக் கொடுப்பதாகும். குன்னுடையானின் சிறுவயதுத் துன்பத்தை விரிவாகப் பாடிய பிறகே பாடகர் இந்தத் திருமணத்துக்கு வருகிறார் என்பது கருதத்தக்கது.

இணைச்சீர் என்னும் சடங்கு

கொங்கு வேளாளர் திருமணத்தில் இணைச்சீர் என்றொரு சடங்கு உண்டு. அருமைக்காரர் முன்னின்று நடத்தும் சீர்களில் இது முக்கியமானது. மணமகனோடு அவனுடைய உடன்பிறந்தாளை இணைத்து நிறுத்திச் செய்யப்படும் சீர் இது. உடன்பிறந்தவள் இல்லையென்றால் பெரியப்பன், சிற்றப்பன் மகள் என முறையுள்ள ஒருத்தி இணைச்சீர்க்காரியாக நிற்பாள். மனைவி வந்தாலும் கூடப்பிறந்தவளின் உரிமை குறையாது, இவன் மக்களும் அவள் மக்களும் நாளை கொள்வினை கொடுப்பினைக்கு உரியவர்கள் என்பதே இதன் பொருள்.

இந்தச் சடங்கை அறிந்தவர்க்கு அண்ணன்மார் கதை எளிதில் விளங்கும். மற்ற வீடுகளில் இணைச்சீருக்குப் பிறகு மனைவியின் காலம் தொடங்கும். வளநாட்டு அரண்மனையில் அது தொடங்கவே இல்லை. தங்காளே பொன்னூஞ்சலில் அமர்ந்து வீட்டின் நடுவில் இருக்கிறாள். மனைவியர் வெளிமாளிகையில் இருக்கின்றனர். சகோதர பாசம் மனைவிக்குரிய இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது எனலாம்.

தங்கை கேட்ட கிளி

அண்ணன்மார் கடமையையே தேர்ந்தார்கள், அன்பை விட்டார்கள் என்று சொல்லிவிட்டால் பாதிக் கதைதான். கடமைக்காக மனைவியை விலக்கிய இவர்களால் தங்கையின் ஒரு சொல்லை விலக்க முடியவில்லை.

தங்காள் விளையாடக் கிளி கேட்கிறாள். அந்தக் கிளி வேட்டுவர் காட்டில் இருக்கிறது. அது வேட்டுவத் தலைவர்களின் தங்கையான வீரத்தங்காளுக்குப் பிரியமானது. அண்ணன்மார் போய்ப் பிடித்து வருகிறார்கள். ஒரு கிளி பிடிபட, இணையைப் பிரிந்த மற்றொன்று வீரத்தங்காளிடம் முறையிடுகிறது. அவளும் தன் அண்ணன்மாரை அழைக்கிறாள். பகை முற்றுகிறது.

இங்கே கதையின் நேர்மை வெளிப்படுகிறது. காட்டுப் பக்கத்திலும் ஒரு தங்கை, அவளுக்காக உயிர் கொடுக்கும் அண்ணன்மார். இரு பக்கமும் ஒரே பாசம். அந்தப் பாசமே இரு குலத்தையும் அழிக்கிறது. உழவர் நாட்டுக்கும் வேட்டுவர் காட்டுக்கும் இடையே நிலத்துக்காக நடந்த நெடும் பகையைக் கதை ஒரு கிளியில் வைத்துச் சொல்கிறது. காட்டை அழித்து வயலாக்கியவர்களின் பக்கத்திலிருந்து பாடப்படும் பாட்டு இது என்பதை மறந்துவிடக் கூடாது. வேட்டுவர் தலைவனாகிய தலையூர்க் காளியைத் தங்கள் வீரனாகப் போற்றும் மக்களும் கொங்கு நாட்டில் உண்டு. அவர்கள் பார்வையில் இக்கதையின் நியாயம் வேறு.

படுகளம்

பன்றி வேட்டைக்குப் புறப்படும் முன்பே தங்காளுக்குத் தீய கனவு வருகிறது. ஆனால் வயலை அழிக்கும் பன்றியை விட்டுவைப்பது நாடாள்பவனுக்கு அழகன்று. தங்கையின் ஆசைக்காகப் பகையைத் தேடிக்கொண்டவர்கள், தங்கையின் அச்சத்துக்காக வீட்டில் தங்கவில்லை. இந்த இடத்தில் நாட்டுக் கடமை பாசத்தை வென்றுவிடுகிறது.

பன்றி மாய்ந்து, போரும் முடியும் தறுவாயில், வன்னி மரத்தில் மறைந்திருந்த மாயவன் எய்த அம்பு சங்கரின் மார்பில் படுகிறது. தன் காலம் முடிந்தது என்று அறிந்த சங்கர் தன் வாளின்மீது தானே பாய்ந்து உயிர் விடுகிறார். தம்பி இறந்த களத்தில் தனக்கு இனி அரசு எதற்கு என்று பொன்னரும் அதே வழியில் செல்கிறார். சாம்புகனும் உடன் மாய்கிறான்.

பொன்னரின் சாவு ஆழ்ந்து நோக்கத்தக்கது. அவரை எந்த அம்பும் தாக்கவில்லை. நாட்டுக்குத் தலைவன் வேண்டும், வீட்டில் தங்கை காத்திருக்கிறாள், மனைவியர் இருக்கின்றனர். கடமை என்று பார்த்தால் அவர் திரும்பியிருக்க வேண்டும். வாழ்நாள் முழுதும் கடமையின் வடிவமாக இருந்த மூத்தவர், கடைசி நிமிடத்தில் தம்பிமேல் வைத்த அன்பைத் தேர்ந்தார். கேட்போர் கண் கலங்கும் இடம் இது.

கணக்கில் வராத இருவர்

அண்ணன்மார் இறந்த செய்தி வந்ததும் தங்காள் அண்ணிமாரிடம் செல்கிறாள். தன்னோடு அழுவதற்கும் தேடுவதற்கும் வருமாறு அழைக்கிறாள். அவர்கள் வர மறுக்கின்றனர். சினம் கொண்ட தங்காள் அவர்கள் இருந்த மாளிகைக்குத் தீ வைத்துவிட்டுத் தனியே காட்டுக்குப் போகிறாள் என்று பாடப்படும் வடிவங்கள் உண்டு.

கேட்போர் மனம் தங்காளின் பக்கமே சாயும். ஆனால் முத்தாயியும் பவளாயியும் மறுத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. தங்களோடு ஒரு நாளும் வாழாத கணவர்க்காக அவர்கள் எப்படி அழுவது? கைம்மையின் துயரம் மட்டும் அவர்களுக்கு, வாழ்வின் சுகம் இல்லை. அண்ணன்மார் துறந்ததாகச் சொல்லப்படும் இல்லறம் அவர்களுடையது மட்டுமன்று. அந்த இரு பெண்களுடையதும்தான். அண்ணன்மார் தாமே தேர்ந்து துறந்தனர். பெண்களைக் கேட்டவர் யாரும் இல்லை.

தங்காளுக்கும் இதே நிலைதான். உடன்பிறந்தாளுக்கு நல்ல இடம் பார்த்து மணமுடித்து, ஆண்டுதோறும் சீர் கொண்டுபோய் வைப்பது கொங்கு நாட்டில் பிறந்தவனின் முதற்கடமை. அளவற்ற பாசம் வைத்த அண்ணன்மார் அவளை மணமுடித்துக் கொடுக்காமலேயே இறந்தனர். ஆக மூன்று பெண்களும் தனித்து நிற்கின்றனர். நாட்டுக்குச் செய்த கடமையைப் பெருமையாகப் பாடும் கதை, வீட்டில் செய்யாமல் விட்ட கடமைகளையும் மறைக்காமல் பாடுகிறது. இதுவே இதன் சிறப்பு.

பிற கதைகளோடு ஒப்பீடு

தமிழ்நாட்டின் வேறு கதைப்பாடல்களில் வீரர்கள் எதிர்வழியைத் தேர்ந்துள்ளனர். மதுரை வீரன் பொம்மிக்காகவும் வெள்ளையம்மாளுக்காகவும் அரசகோபத்தை ஏற்றான். காத்தவராயன் ஆரியமாலைமேல் கொண்ட காதலால் கழுவேறினான். நெல்லைச் சீமையில் பாடப்படும் முத்துப்பட்டன் கதை இங்கு மிகப் பொருத்தமான ஒப்பீடு. அந்தணக் குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், பொம்மக்கா, திம்மக்கா என்னும் அக்காள் தங்கையை மணப்பதற்காகத் தன் குலத்தையும் அண்ணன்மாரையும் விட்டான். பின் மாமனாரின் மாட்டு மந்தையைக் காக்கும்போது உயிர் விட்டான். மனைவியர் இருவரும் அவனுக்காக உயிர் துறந்தனர்.

இரு கதைகளிலும் மனைவியர் உடன்பிறந்த இரு பெண்கள். இரு கதைகளிலும் வீரன் களத்தில் சாகிறான். அன்பைத் தேர்ந்தவனுக்கு அழ மனைவியர் வருகின்றனர். கடமையைத் தேர்ந்தவர்க்கு அழத் தங்கை மட்டுமே வருகிறாள்.

கொங்குப் பகுதியின் சங்ககால மரபிலும் அண்ணன் தம்பிச் செய்தி ஒன்று உண்டு. முதிர மலைக்குத் தலைவனான வள்ளல் குமணனின் நாட்டை அவன் தம்பி இளங்குமணன் கவர்ந்துகொண்டான். காட்டில் மறைந்து வாழ்ந்த குமணனைப் புலவர் பெருந்தலைச் சாத்தனார் தேடிச் சென்றபோது, கொடுக்கப் பொருள் இல்லாத குமணன் தன் தலையையே பரிசாகக் கொள்ளுமாறு வாளை நீட்டினான் என்பதைப் புறநானூற்றால் அறிகிறோம். நாட்டுக்காகத் தம்பி அண்ணனைத் துரத்திய கதையும், தம்பிக்காக அண்ணன் நாட்டையும் உயிரையும் விட்ட கதையும் ஒரே மண்ணில் வழங்குவது வியப்புக்குரியது.

சேர மரபில் இளங்கோவடிகள், தமக்கே அரசு வரும் என்று நிமித்திகன் சொன்னதைப் பொய்யாக்கி, அண்ணன் செங்குட்டுவனுக்காகத் துறவு பூண்டார் என்பது வழிவழிச் செய்தி. இராமாயணத்தில் பரதன் கிடைத்த அரசைத் தொடாமல் அண்ணனின் பாதுகையை வைத்து ஆண்டான். இவர்களுக்கெல்லாம் கேள்வி அரியணை பற்றியது. அண்ணன்மாருக்கு அந்தச் சிக்கலே இல்லை. இருவரும் ஒரே நாளில் பிறந்தும் ஒரு நாளும் அரசுக்காக முரண்பட்டதில்லை. அவர்கள் கேள்வி வீடு பற்றியது.

பாடும் முறையும் வழிபாடும்

இக்கதை உடுக்கையடிப் பாட்டாகப் பாடப்படுகிறது. முன்பாட்டுக்காரர் உடுக்கையை அடித்துக்கொண்டு பாட்டும் வசனமுமாகக் கதையை நடத்துவார். பின்பாட்டுக்காரர் தொடர்ந்து பாடியும் "ஆமாம்" போட்டும் துணை நிற்பார். கதை பல இரவுகள் நீளும். 1965-இல் காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக், அங்கே 18 இரவுகள் பாடப்பட்ட முழுக் கதையையும் ஒலிப்பதிவு செய்தார். பின்னர் அது தமிழ், ஆங்கில வடிவங்களில் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வழியே 1992-இல் நூலாக வந்தது. கவிஞர் சக்திக்கனல் ஏட்டு வடிவத்தை அண்ணன்மார் சுவாமி கதை என்ற பெயரில் பதிப்பித்தார். மு. கருணாநிதி இதைப் பொன்னர் சங்கர் என்ற புதினமாக எழுதினார். அது 2011-இல் திரைப்படமாக வெளிவந்தது. பிரெண்டா பெக்கின் முயற்சியால் 26 பகுதிகள் கொண்ட உயிரூட்டப் படத் தொடரும் உருவாயிற்று.

கதையோடு தொடர்புடைய தலங்களில் முதன்மையானது திருச்சிராப்பள்ளி மாவட்டம் மணப்பாறை அருகே உள்ள வீரப்பூர். அங்குள்ள பெரியகாண்டியம்மன் கோயிலில் மாசி மாதம் நடக்கும் பெருந்திருவிழாவுக்குக் கொங்கு நாடெங்குமிருந்து மக்கள் செல்கின்றனர். அணியாப்பூர் குதிரைக்கோயில் வரை செல்லும் வேடபரி நிகழ்ச்சி இவ்விழாவில் சிறப்பானது. அண்ணன்மார் குடும்பம் வணங்கிய செல்லாண்டியம்மன் கோயில் கரூர் மாவட்டத்து மதுக்கரையில், காவிரிக் கரையில் உள்ளது. சேர, சோழ, பாண்டிய நாட்டு எல்லைகள் கூடுமிடம் அது என்பர். கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரை வேறு, இந்த மதுக்கரை வேறு.

ஊர் அண்ணன்மார் கோயில்களில் படுகளம் என்னும் நிகழ்ச்சி நடப்பதுண்டு. உடுக்கைப் பாட்டு போர்க்களத்தை எட்டும்போது, அருள் வந்த ஆண்கள் ஒருவர்பின் ஒருவராகத் தரையில் விழுந்து உயிரற்றவர்போல் கிடப்பர். அவர்கள்மேல் துணி போர்த்தப்படும். உறவினர் சுற்றி அமர்ந்திருப்பர். தங்காளாக நிற்கும் பெண் தீர்த்தம் தெளிக்க, ஒவ்வொருவராக எழுவர்.

அந்த நேரத்தில் பாடப்படும் தங்காள் புலம்பலைக் கேட்டு அழாத பெண்கள் குறைவு. பிறந்தவனுக்காக அழும் தங்கையின் குரலாகத்தான் அது பாடப்படுகிறது. கூட்டத்தில் அழும் பெண்களில் தங்கைமாரும் இருப்பர், மனைவியரும் இருப்பர், கைம்பெண்களும் இருப்பர். கதையில் முத்தாயிக்கும் பவளாயிக்கும் ஒரு புலம்பல் இல்லை. அவர்களுக்கான அழுகையும் அங்கேதான் சேர்ந்து நடக்கிறது என்று கொள்வதில் தவறில்லை.